ஒம்பேனி உரித்த இருநூறு பாட்டில்கள்

டார்-எஸ்-சலாம் பஸ்கள் நின்று போகிற சமே ஊரில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாவு மில்லைத் தாண்டினால் என் தையல் கடை. எதிர்ப்பக்கம் ஒம்பேனியின் வீடு. நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு மண் ரோடு. பதினான்கு வருஷமாக மிஷினை மிதித்துக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்து வருகிறேன். அவள் வாசலில் பாட்டில் இல்லாத நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. வேலி ஓரம் பாட்டில், பப்பாளி மரத்தடியில் பாட்டில், நட்டுவைத்த குச்சிகளில் தலைகீழாக மாட்டிய பாட்டில். தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள், பாவம், குடிகாரனைக் கட்டிக்கொண்டவள் என்று இரக்கப்படுவார்கள். அவள் கணவன் லோட்டி சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான். லாரி ஓட்டுகிறவன், குடித்தால் தூக்கம் வந்துவிடும் என்பான்.

குடிக்காத அந்த வீட்டில்தான் சமேயிலேயே நல்ல பூ ஒயின் தயாராகிறது. ஜூலை மாதம் மலையிலிருந்து சாக்குச் சாக்காக இறங்கும் சிவப்புப் புளிச்சைப் பூவைக் கொதிக்கவைத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, மூடிய டிரம்மில் மாதக்கணக்கில் வைத்திருந்து அவள் எடுக்கும் ஒயின். நிறம் மாதுளைச் சாறு மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு ஒரு சூடு.

ஒம்பேனிக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்தது மேலே கோன்ஜா மலையில். பதினெட்டு வயதில் கீழே இறங்கி, நெடுஞ்சாலை ஓரத்து பார் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பரிமாறுகிற வேலை இல்லை, கொல்லைப்பக்கம் உட்கார்ந்து கழுவுகிற வேலை. ஆறு வருஷம் கழுவினாள். எந்தப் பாட்டிலின் கண்ணாடி தடிமன், எது சூடு தாங்கும், எதன் காகிதம் தண்ணீரைப் பார்த்ததும் நழுவும் என்பதெல்லாம் அங்கேதான் அவள் விரலுக்குள் போயிற்று. ரோட்டை அகலப்படுத்தியபோது பார் இடிபட்டது. முதலாளி நல்ல மனிதர், வேலை பார்த்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஒருத்தி மேஜை எடுத்தாள், ஒருவன் மின்விசிறி எடுத்தான். ஒம்பேனி எட்டுப் பெட்டி காலி ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் முதல்முதலாக ஒயின் போட்ட கதையைச் சொல்லியாக வேண்டும். புளித்து முடிவதற்கு முன்பே அவசரப்பட்டுப் பாட்டிலில் ஊற்றி, கார்க்கை இறுக்கி, மேஜைக்கு அடியில் அடுக்கிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து நான் செருப்பைக் கழற்றுகிறேன், எதிர்வீட்டில் துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் சிவப்பு, கூரையிலிருந்து சிவப்பு சொட்டுகிறது. ரத்தம் என்றே நினைத்தேன். அறை மூலையில் துணி துவைக்கிற அலுமினியத் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ஒம்பேனி. என்னைப் பார்த்ததும் தொட்டியைக் கொஞ்சம் தூக்கி, முழங்கையில் வழிந்ததை நக்கினாள்.

"டெய்லர் அண்ணே, ருசி சரியாத்தான் வந்திருக்கு" என்றாள்.

அவள் அப்படிப்பட்டவள்.

லேபிள் விஷயத்தில் அவளுக்கு வெறி வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. சந்தையில் பத்துப் பாட்டிலைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அதில் ஒன்றில் பழைய காகிதம் பாதி ஒட்டியிருந்தது. ஏதோ ஓர் அலுவலகத்து ஆள் அதைத் தூக்கிப் பிடித்து, இது யாருடைய சரக்கு என்று கேட்டான். என்னுடையது என்றாள். அப்படியானால் இதில் ஏன் வேறொருவர் பெயர் இருக்கிறது, ஊரார் பெயரில் கள்ளச்சரக்கு விற்கிறாயா என்று நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டான். அவள் பத்துப் பாட்டிலையும் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று முதல் அவள் கையை விட்டுப் போகிற பாட்டிலில் காகிதத் துணுக்கோ பசைத் தடமோ இருக்காது. பீன்ஸ் வேக வைக்கப் போடுகிற உவர்க்கல் இருக்கிறதே, அதைத் தண்ணீரில் கரைத்து, பாட்டில்களை ஒரு மணி நேரம் முழுகப் போடுவாள். காகிதம் தானாக மிதந்து மேலே வரும். பிறகு கற்றாழை நாரால் ஒரு தேய்ப்பு. வெயிலில் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

ஃபெலிஸ்தா டீச்சரை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எங்களில் பாதிப்பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர், மீதிப்பேரை முட்டி போட வைத்தவர். அவருடைய தம்பி மகள் ஜெனிஃபாவுக்கும் மோஷியில் ஒரு பையனுக்கும் டிசம்பரில் கல்யாணம் நிச்சயமாயிற்று. வழக்கம்போல் கல்யாணக் கமிட்டி போட்டார்கள். தலைவர் டீச்சர், செயலாளர் நான். ஞாயிறுதோறும் கிபாச்சா பெரியவரின் டீக்கடையில் கூடுவோம். மாப்பிள்ளை வீட்டு சார்பில் டெம்பா என்கிற இரும்புக்கடைக்காரர் மோஷியிலிருந்து பஸ் ஏறி வருவார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். மோஷியில் இருக்கிற சாக்காக்காரர்களும் பாரே மலைக்காரர்களான நாங்களும் ஒருவரை ஒருவர் கிண்டலடிப்பது பாட்டன் காலத்து வழக்கம். எங்களைக் கஞ்சர்கள் என்பார்கள், நாங்கள் அவர்களைக் காசுப் பைத்தியம் என்போம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேஜைக்கு மேஜை ஒம்பேனி அக்கா போட்ட பூ ஒயின்தான் வைக்க வேண்டும் என்று பெண்ணே கேட்டுவிட்டாள். டெம்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒயினைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பாட்டில்? ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை, ஒண்ணுல எவனோ ஒருத்தன் பேரு. பாரேக்காரங்க பாட்டிலைத் தூக்கிப் போட மனசில்லாம பத்து வருஷம் வெச்சிருப்பாங்கன்னு எங்க ஆளுங்க சிரிப்பாங்க."

ஒம்பேனி கூட்டத்தின் பின்வரிசையில் இருந்தாள். "மோஷிக்காரங்க தூக்கிப் போட்டதுதானே அண்ணே எங்ககிட்ட இருக்கு" என்றாள். கிபாச்சா பெரியவர் டீ வடிகட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். இருநூறு பாட்டில், எல்லாம் ஒரே வடிவம், பழைய லேபிளின் சுவடே இருக்கக் கூடாது. அதன்மேல் பெண் மாப்பிள்ளை பேர் போட்ட புது லேபிள். கல்யாணம் சனிக்கிழமை, வெள்ளிக்கிழமை காலையில் தானே வந்து சோதிப்பார். ஒரே ஒரு பாட்டில் தவறினாலும் மோஷியிலிருந்து கடை ஒயின் வந்து இறங்கும்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒம்பேனியின் டிரம்களில் ஒயின் தெளிந்து தயாராக இருந்தது. பாட்டில்தான் இல்லை. வீட்டில் இருந்தது எண்பதோ தொண்ணூறோ, அதுவும் ஏழெட்டு வடிவம். அவளோ சரி டீச்சர் என்று சொல்லிவிட்டு, கண் பளபளக்க வீட்டுக்கு நடந்தாள்.

லோட்டி திங்கட்கிழமை காலையில் லாரியோடு வந்தான். சுற்றுலாக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் காலி பாட்டில் மலை மாதிரிக் குவிந்து கிடந்ததாம், எடுத்துப்போனால் புண்ணியம் என்றார்களாம். இருநூற்று நாற்பது. எல்லாம் ஒரே அச்சு. நெட்டை, மெலிந்த கழுத்து, நிறமே இல்லாத கண்ணாடி. சிவப்பு ஒயினுக்கு அதைவிட அழகான பாத்திரம் கிடைக்காது. ஒம்பேனி ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் லேபிளைக் கவனித்தாள். கறுப்பு ஸ்டிக்கர். தொட்டால் வழுவழுவென்று தோல் மாதிரி, தங்க எழுத்து, பாட்டிலை முக்கால்வாசி சுற்றியிருந்தது.

உவர்க்கல் தண்ணீரில் அறுபது பாட்டிலை முழுகப் போட்டாள். ஒரு மணி நேரம், இரண்டு, நாலு. ஒன்றும் மிதந்து வரவில்லை. சுரண்டினாள். மேல்தோல் மட்டும் நார்நாராகக் கிழிந்தது, அடியில் வெள்ளைப் பஞ்சு போல ஒரு படலம் நின்றது. அந்தப் படலத்தைத் தேய்த்தால் உருண்டு உருண்டு வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டினால் கண்ணாடியில் கீறல். மணலால் தேய்த்தால் கண்ணாடி மங்கிப்போயிற்று. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததில் பசை போனது, ஆனால் நாலு தடவை சோப்புப் போட்ட பிறகும் வாசம் போகவில்லை. ஒயின் ஊற்றுகிற பாட்டிலில் ஸ்டவ் வாசம் வரலாமா? சாயங்காலம் நான் கடையைப் பூட்டும்போது சுத்தமாக இருந்தவை மூன்றே மூன்று. கை விரலெல்லாம் தோல் சுருங்கி, நகத்துக்குள் கறுப்பு ஏறி, படியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்றாள்.

செவ்வாய்க்கிழமை பகல். டிசம்பர் மாதத்துச் சமே வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கோழிகூட நிழலை விட்டு நகராது. ஒரு கோட்டுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு கத்தல். ஊசி விரலில் ஏறிவிட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒம்பேனி செருப்பில்லாமல் ரோட்டைத் தாண்டி என் கடைக்குள் நின்றாள். ஒரு கையில் பாட்டில். இன்னொரு கையின் பின்புறத்தில் அந்தக் கறுப்பு ஸ்டிக்கர், ஒரு மூலைகூடக் கிழியாமல், முழுசாக ஒட்டியிருந்தது.

"அண்ணே, இதைத் தொட்டுப் பாருங்க."

பாட்டிலைத் தொட்டேன், சுட்டது.

நடந்தது இதுதான். தண்ணீரில் போட இடமில்லாத பாட்டில்களை, மரவள்ளிக்கிழங்கு காயப்போடுகிற தகரத்தின்மேல் அப்படியே கிடத்தியிருந்தாள். மதியம் அதில் ஒன்றை எடுக்கப்போக, சூடு தாங்காமல் கை நழுவ, பிடிக்கிற அவசரத்தில் கட்டைவிரல் நகம் ஸ்டிக்கர் மூலையில் மாட்டியிருக்கிறது. வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டதாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஒன்று மட்டும் பசை காய்ந்ததாக இருக்கலாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பப்பாளி மர நிழலில் கிடந்த பாட்டில் ஒன்றைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள். நகம்தான் மடங்கியது. தகரத்தின்மேல் கிடந்ததைக் கந்தல் துணியால் பிடித்துக் கொடுத்தாள். மூலையைக் கிளப்பி, அவசரப்படாமல், பாட்டிலோடு ஒட்டினாற்போல் இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். சர்ரென்று ஒரு சின்னச் சத்தத்தோடு அது என் கையோடு வந்தது பாருங்கள், ஐம்பத்தாறு வயதில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்னொன்றை எடுத்தேன், வந்தது. இன்னொன்று, அதுவும் வந்தது. கோட்டுக்காரர் கடை வாசலில் காத்திருந்ததைக்கூட மறந்துவிட்டேன்.

"நேத்தெல்லாம் தண்ணியில போட்டுப் போட்டு நானே கெடுத்திருக்கேன் அண்ணே. இதுக்கு வேண்டியது தண்ணியே இல்ல. சூடு" என்றாள்.

நான் டீக்கடைக்கு ஓடினேன். அரைமணி நேரத்தில் கமிட்டியில் கையில் கிடைத்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீடுகளிலிருந்து தகரங்கள் வந்தன. ரோடு ஓரம் வரை தகரம் பரப்பி, பாட்டில்களை அடுக்கினோம். ஒம்பேனி ஒவ்வொரு பாட்டில் வாயிலும் சோளத்தக்கைத் துண்டைச் செருகினாள், அழுக்கு உள்ளே போகாதிருக்க. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்ப்பாள். கையை வெடுக்கென்று எடுக்கிற சூடு வந்ததும், இது ஆச்சு என்று தள்ளுவாள். நாங்கள் உரிப்போம்.

அன்றைக்கு டெம்பாவும் வந்து சேர்ந்தார். வேலை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர். பஸ்ஸை விட்டு இறங்கியவர், ரோடு முழுக்கத் தகரமும் பாட்டிலும் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார். பெண் வீட்டார் உரிக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேடிக்கை பார்க்கிறார்களா என்று யாரோ சீண்ட, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு அது போட்டியாகிவிட்டது. கிபாச்சா பெரியவர் நடுவராக நின்று இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் எட்டு என்று அறிவித்துக்கொண்டிருந்தார். டெம்பாவின் விரல்கள் இரும்புக்கடை விரல்கள், தடிமன். ஆனால் விடாப்பிடி.

"பாரேக்காரங்க இந்தப் பசையைக்கூடச் சுரண்டி டப்பால போட்டு வெச்சுக்குவாங்களே" என்றார்.

"நீங்க விலை சொல்லுங்க அண்ணே, குடுத்துடுறோம்" என்றாள் ஒம்பேனி.

ஸ்டிக்கர் போனது, ஆனால் பசை முழுசாகப் போகவில்லை. உரித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுபிசுப்பு. விரல் வைத்தால் ஒட்டும், தூசி பட்டால் கறுக்கும். சோப்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இதற்கு என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் எல்லாருக்கும் சமோசா மாதிரியான சம்பூசா கொண்டுவந்தார். எண்ணெயில் பொரித்துச் சுடச்சுட வந்தது. டெம்பாவின் விரல் பத்தும் பசை. அப்படியே எடுத்து இரண்டு தின்றார். தின்றுவிட்டுக் கையைக் காகிதத்தில் துடைத்தவர், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கையில இருந்த பசை எங்க போச்சு?"

அவர் அதை யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒம்பேனி எழுந்துவிட்டாள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். உள்ளே ஓடி, சூரியகாந்தி எண்ணெயும் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்தாள். எண்ணெயைத் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சாம்பல் தொட்டுக் கற்றாழை நாரால் தேய்த்தாள். பிறகு சோப்புத் தண்ணீர். பாட்டிலை வெயிலுக்கு எதிரே பிடித்தாள். அதன் வழியாக மலை தெரிந்தது, மலைமேல் இருந்த வீடுகூடத் தெரிந்தது. முதல் நாள் கெட்டுப்போனதென்று ஒதுக்கியவற்றில் கீறல் விழாதவைகூட எண்ணெயில் ஊறி மசிந்து வந்தன. எல்லாரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தோம். டெம்பா மட்டும் தன் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி, மருமகனுக்காக இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முனகினார். அன்று அவர் ஊருக்குத் திரும்பவில்லை. என் வீட்டிலேயே தங்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் கதவைத் திறந்தால் மலையைக் காணவில்லை. மேகம் கழுத்துவரை இறங்கியிருந்தது. எட்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தகரங்கள் குளிர்ந்து தாளம் போட்டன. இன்னும் தொண்ணூறு பாட்டில் ஸ்டிக்கரோடு நிற்கின்றன, வியாழக்கிழமை ஒயின் ஊற்றியாக வேண்டும். டெம்பா ஜன்னல் ஓரம் நின்று, மோஷிக் கடைக்காரருக்கு இப்போதே போன் போட்டுவிடவா என்று கேட்டார். ஒம்பேனி மழையைப் பார்த்தாள்.

"சூடு வெளியிலிருந்துதான் வரணும்னு யாரு சொன்னா?" என்றாள்.

சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்கு நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். பெரியவரின் கடையில் பஸ் பயணிகளுக்காக நாள் முழுக்கக் கொதிக்கிற இரண்டு பெரிய அண்டாக்கள் உண்டு. ஒன்றை எனக்குக் கொடுங்கள் என்றாள். எதற்கு என்று கேட்டவருக்கு, பாட்டிலுக்குள் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி உள்ளிருந்து சுடும், வெயில் செய்த வேலையை அது செய்யும் என்று சொன்னாள். பெரியவர் தாடியைத் தடவினார். ஐந்து வேளை தொழுகிறவர்.

"பாட்டில் காலியாத்தானே இருக்கு?"

"காலிதான் பெரியவரே."

"நான் குடுக்கிறது வெந்நீர்தானே?"

"வெந்நீர்தான்."

"அப்ப நாளைக்கு அதுல நீ என்ன ஊத்துறேன்னு எங்கிட்ட சொல்லாதே" என்று அண்டாவின் மூடியைத் திறந்தார்.

முதல் இரண்டு பாட்டில்களும் படாரென்று விரிசல் விட்டன. மழைக்குளிரில் இருந்த கண்ணாடிக்குள் கொதிநீரை ஊற்றினால் வேறென்ன ஆகும்? ஒம்பேனிக்கு பார் கொல்லையில் கழுவிய ஆறு வருஷம் அப்போது கைகொடுத்தது. முதலில் வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை முக்கி எடுத்தாள், பிறகு சூடான நீர், அதற்குப் பிறகுதான் கொதிநீர். மூன்றாவது பாட்டில் விரியவில்லை. நூறு எண்ணுகிற நேரம் காத்திருந்து மூலையைக் கிளப்பினாள். சர்ரென்று வந்தது. டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த டார்-எஸ்-சலாம் பஸ் பயணிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தாங்களும் உரிக்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்காரன் மூன்று முறை ஹாரன் அடித்தான்.

அன்று மதியத்துக்குள் தொண்ணூறும் முடிந்தன. உடைந்தவை மொத்தம் ஐந்து.

வியாழக்கிழமை பாட்டில்களின் உள்பக்கத்தைக் கொதிநீரில் அலசிக் கவிழ்த்தோம். ஒம்பேனி டிரம்மிலிருந்து குழாய் வழியாக ஒயினை இறக்கினாள். ஒவ்வொரு பாட்டிலிலும் சிவப்பு மெதுவாக ஏறுவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. தச்சர் செய்து கொடுத்த நெம்புகோலால் லோட்டி கார்க்கை அடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஃபெலிஸ்தா டீச்சர் வந்தார். கையில் பிரம்பு இல்லை, அவ்வளவுதான். பையிலிருந்து ஒரு பஞ்சுச் சுருளை எடுத்தார். எங்களுக்குப் புரியவில்லை. முதல் பாட்டிலின் மேல் பஞ்சை மெதுவாக இழுத்தார். பசை இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டும். கண் ஏமாந்தாலும் பஞ்சு ஏமாறாது. ஒம்பேனி என் பக்கம் திரும்பவே இல்லை, பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது, ஐம்பது, நூறு. பஞ்சு வழுக்கிக்கொண்டே போனது. நூற்றைம்பதுக்குமேல் டீச்சரின் முகம் இளகத் தொடங்கியது. அப்புறம் ஒரு பாட்டிலில் கை நின்றது. திரும்ப இழுத்தார். நூல் மாதிரி ஒரே ஓர் இழை கண்ணாடியில் நின்று காற்றில் ஆடியது.

ஒரு பாட்டில் தவறினாலும் என்று டீச்சர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அவர் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை.

டெம்பா முன்னால் வந்தார். பாட்டிலை வாங்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"இது நான் தேய்ச்சது டீச்சர். அடியில கரியால புள்ளி வெச்சிருக்கேன் பாருங்க, எத்தனை பண்ணினேன்னு எங்க வீட்டுல காட்டணும்ல. இது மாப்பிள்ளை வீட்டுத் தப்பு. இதுக்குப் பொண்ணு வீட்டு ஒயினை எப்படி நிறுத்துவீங்க?"

டீச்சர் அவரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சின்ன வயதில் என்னை அப்படித்தான் பார்ப்பார், அதற்குப் பிறகு முட்டிதான். டெம்பா அதற்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து, எண்ணெய் தொட்டு, சாம்பல் தொட்டு, அரக்கித் தேய்த்து, கழுவி, தன் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்து, எழுந்து நீட்டினார். டீச்சர் பஞ்சை இழுத்தார். வழுக்கியது.

"உட்காருங்க" என்றார், சரியான பதில் சொன்ன பையனிடம் சொல்கிற மாதிரி. அவ்வளவுதான் சொன்னார். பாக்கிப் பாட்டில்களில் ஒன்றும் மாட்டவில்லை. கடைசிப் பாட்டிலை வைத்துவிட்டு ஒம்பேனியின் தோளில் கை வைத்தபோதுதான் அவள் பாவாடையை விட்டாள். அவள் அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டே டெம்பாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜைகள்மேல், பெண் மாப்பிள்ளை பேர் போட்ட புது லேபிளோடு, இருநூறு பாட்டில் நின்றது. விளக்குப் போட்டதும் ஒவ்வொரு மேஜைத்துணியிலும் ஒரு சிவப்பு வட்டம் விழுந்தது. மோஷியிலிருந்து வந்த பெண்கள் பாட்டிலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்கள். எந்த நாட்டுச் சரக்கு என்று ஒருவர் டெம்பாவைக் கேட்டது என் காதில் விழுந்தது. டெம்பா ஏதோ தானே தோட்டம் வைத்து வளர்த்த மாதிரி, பூவிலிருந்து எண்ணெய் சாம்பல் வரைக்கும் அரைமணி நேரம் விளக்கினார். நிகழ்ச்சி நடத்துகிற ஆள் மைக்கில் ஒம்பேனியைப் பேர் சொல்லி அழைத்தான். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நாலு நாள் பசையும் சாம்பலும் ஏறிய நகம், எத்தனை தேய்த்தும் வெளுக்கவில்லை. ஜெனிஃபா மணக்கோலத்திலேயே இறங்கி வந்து அந்தக் கையைப் பிடித்து நடுவே இழுத்துப்போய் ஆடினாள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகச் சேர்ந்துகொண்டார்கள். ஒம்பேனிக்கு நன்றாக ஆட வரும் என்பது பதினான்கு வருஷத்தில் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

விருந்து முடிந்து மேஜைகளைப் பார்த்தால் பாட்டிலைக் காணோம். ஒயின் போனது சரி, பாட்டிலும் போயிருந்தது. விருந்தாளிகள் கைப்பைக்குள்ளும் கோட்டுக்குள்ளும் மறைத்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். டெம்பாவுக்குக் கோபம், வாசலுக்கு ஓடிப்போய்த் தன் சொந்தக்காரர்களையே மறித்தார். ஒரு கிழவி தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று நின்றாள். ஒம்பேனி போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க அண்ணே, எடுத்துட்டுப் போகட்டும்."

"நீ இத்தனை பாடுபட்டு உரிச்சது."

"உரிக்கத்தான் தெரிஞ்சுபோச்சே" என்றாள். "லோட்டி திங்கக்கிழமை மறுபடி அந்த விடுதிப் பக்கம்தான் போறார்."

அந்தக் கிழவி அதற்குள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.